ஒற்றியூர்த் துறவி சதுரானன பண்டிதர்

திருவொற்றியூரையும் துறவையும் சேர்த்து நினைப்பவர்க்கு முதலில் நினைவில் எழுபவர் பட்டினத்தார். எண்ணூர் நெடுஞ்சாலையின் ஓரம், அலை அறையும் கரையில், அவர் அடங்கிய இடம் இருக்கிறது. அவரைப் பற்றிக் கதைகள் உண்டு. அவர் பெயரால் வழங்கும் பாடல்கள் நாட்டார் நாவிலும் புலவர் நாவிலும் உலவுகின்றன. ஆனால் அக்கதைகளுக்கு நிகராகக் கல்வெட்டுச் சான்று இல்லை. அதே ஊரில் வாழ்ந்த இன்னொரு துறவியின் நிலை இதற்கு நேர்மாறானது. அவரைப் பற்றிக் கதை இல்லை, மக்கள் வாயில் பாட்டு இல்லை, கல் இருக்கிறது. சோழர் வரலாறு எழுதிய அறிஞர் பலரும் அந்தக் கல்லின் முன் ஒரு கணம் நின்றே சென்றிருக்கின்றனர். சதுரானன பண்டிதர் என்பது அவருடைய துறவுப் பெயர். அதற்கு முன் அவர் வல்லபன்.

1912-ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினர் திருவொற்றியூர்க் கோயிலில் படியெடுத்தவற்றுள் ஒன்று, இராட்டிரகூட வேந்தன் மூன்றாம் கிருஷ்ணனின் இருபதாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. 959-ஐ ஒட்டியது. வடமொழிச் செய்யுளில் அமைந்த அக்கல்வெட்டே வல்லபனின் வாழ்க்கையைச் சொல்கிறது. கேரள நாட்டில் பிறந்தவர்; இளமையிலேயே கலைகள் பலவற்றைக் கற்றுத் தேர்ந்தவர்; சோழ நாட்டுக்கு வந்து, முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராஜாதித்தனுக்கு உற்ற துணையாகவும் படைத்தலைவருள் ஒருவராகவும் விளங்கியவர்; போர்க்களத்தில் தம் தலைவனோடு சேர்ந்து மடியும் பேறு வாய்க்காமையால் வாழ்க்கையில் வெறுப்புற்றவர்; கங்கையில் நீராடித் திருவொற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் நோன்பு ஏற்றுச் சதுரானனர் ஆனவர். நன்கொடை அளிக்கும் கல்வெட்டில் கொடையாளியின் குலமும் கொற்றமும் வருவது இயல்பு. தான் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இல்லாமற் போனதைக் கல்லில் பதிய வைத்த கொடையாளி அரியவர்.

வல்லபன் சோழ நாட்டுக்கு வந்த காலத்தில் மலைநாட்டு வீரர் பலர் இராஜாதித்தனின் படையில் இருந்தனர். வடக்கே இராட்டிரகூடரின் கை ஓங்கி வருவதை உணர்ந்த பராந்தகன், தன் மூத்த மகனைப் பெரும்படையுடன் திருமுனைப்பாடி நாட்டில் நிறுத்தியிருந்தான். பெண்ணையாற்றுப் பகுதியில் உள்ள திருநாவலூர் அந்நாளில் இராஜாதித்தபுரம் என்றும் வழங்கியது. அங்குள்ள சிவன் கோயிலைக் கற்றளியாக்கியவன் இராஜாதித்தனே. பரிவாரத்தில் இருந்த மலைநாட்டார் அக்கோயிலுக்கு விளக்கும் பொன்னும் அளித்த செய்திகள் கல்லில் உள்ளன. பகைவனை எதிர்நோக்கிக் காத்திருந்த படை, காத்திருந்த ஆண்டுகளில் கோயில் கட்டியது. வீராணம் ஏரியை வெட்டியதும் அந்தப் படையே என்று ஒரு செய்தி வழங்குகிறது. ஏரியின் பெயர் பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டத்தால் வந்தது. 2004 முதல் அந்த ஏரியின் நீர் சென்னைக்கும் வருகிறது.

அந்தப் படையின் இன்னொரு மலைநாட்டுத் தலைவன் வெள்ளன் குமரன். நந்திக்கரைப் புத்தூரைச் சேர்ந்தவன். பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்னும் ஊரில் சிவன் கோயில் எடுத்தவன். அங்குள்ள கல்வெட்டு கலியுக ஆண்டு 4044 என்பதோடு நில்லாமல், கலி பிறந்து 14,77,037 நாள் ஆயிற்று என்று நாள் கணக்கையும் சொல்கிறது, கி.பி. 943-ஆம் ஆண்டின் சனவரித் திங்கள் அது. வெள்ளன் குமரனும் வல்லபனும் ஒருவரே எனக் கொள்வாரும் உண்டு. நாடும் தலைவனும் பொருந்துகின்றன என்பதைத் தவிர அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. பெருந்தலைவன் ஒருவனைச் சுற்றி ஒரே நாட்டிலிருந்து வந்த இருவர் இருந்தனர் என்பதில் வியப்பென்ன? இருவராகவே கொள்வது நேர்மை.

கி.பி. 949-இல், இன்றைய அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில் போர் மூண்டது. இராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே உயிர் நீத்தான். ஆனைமேற்றுஞ்சின தேவர் என்ற பெயர் அவனுக்கு அதனால் வந்தது. சோழர் தரப்பில் எழுந்த லெய்டன் செப்பேடு, பகைவனின் அம்பு மார்பைத் துளைக்க யானை மீதே அவன் மாய்ந்தான் என்கிறது. வென்றவர் தரப்பின் கல் கருநாடகத்தில் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. இராஜாதித்தனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன் என்றும், அதற்குப் பரிசாக அவன் வனவாசி முதலிய நாடுகளைப் பெற்றான் என்றும் அது கூறுகிறது. ஆனால் அந்தக் கல் நடப்பட்டது அதற்காக அன்று. போரில் சிறந்து நின்ற மணலேரன் என்னும் வீரன், நிலமும் பொருளும் கேளாமல், பூதுகனிடமிருந்த காளி என்ற வேட்டை நாயைப் பரிசாகக் கேட்டுப் பெற்றான். அந்த நாய் பின்னொரு நாள் காட்டுப் பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டன. நாய்க்குக் கல் நட்டு, வழிபாட்டுக்கு நிலமும் விட்டனர். சோழ இளவரசனின் சாவு அந்த நாயின் நடுகல்லில் ஓர் ஓரச் செய்தியாக நிற்கிறது. தலைவனோடு களத்தில் நின்ற நாய்க்கு ஒரு கல். தலைவனோடு நிற்க இயலாத மனிதனுக்கு ஒரு கல். ஒன்று ஆதகூரில், மற்றொன்று ஒற்றியூரில்.

வல்லபன் அன்று தக்கோலத்தில் இல்லை.

இன்றைய மனம் இதைப் பெருங்குற்றமாக எண்ணாது. உயிர் தப்பியதே நல்லூழ் என்று ஆறுதல் சொல்லும். ஆனால் வல்லபன் வாழ்ந்த உலகின் அளவுகோல் வேறு. தலைவனுக்கு இடர் வரும் வேளையில் உயிர் கொடுப்பதாகச் சூளுரைத்த வேளைக்காரப் படையினரைப் பிற்காலச் சோழர் வரலாறு நெடுகக் காண்கிறோம். மலைநாட்டிலும் சாவேர் என்ற பெயரில் அந்த மரபு நெடுநாள் நிலைத்தது. இதன் வேர் சங்க காலம் வரை செல்கிறது. உறையூரில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, கண்டறியாத நண்பர் பிசிராந்தையார் வந்து சேர்ந்ததை எல்லோரும் போற்றுகின்றனர். அதே நிகழ்ச்சியில் வரும் இன்னொரு புலவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பொத்தியார் உடன் வடக்கிருக்க முனைந்தவர். மகன் பிறந்தபின் வருக என்று சோழன் அவரைத் திருப்பி அனுப்பினான். அவர் மீண்டும் வந்தபோது சோழன் நடுகல்லாகியிருந்தான். அந்தக் கல்லைப் பார்த்து நின்ற பொத்தியாரின் துயரம் பிசிராந்தையாரின் பெருமையினும் ஆழமானது. பிசிராந்தையார்க்குக் கிட்டியது பொத்தியார்க்கு நாள் கடந்தே கிட்டிற்று. வல்லபனுக்கோ அதுவும் கிட்டவில்லை. தலைவனைக் கல்லாகக் கண்டு அதன் அருகே உயிர்விடும் வழி பொத்தியார்க்குத் திறந்திருந்தது. வல்லபன் தேர்ந்த வழி வேறு. அவர் சாகவில்லை, துறந்தார்.

இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவு சிறிதன்று. வடக்கிருத்தலில் துயரம் சில நாளில் முடிந்துவிடும். துறவில் அது ஆண்டுக்கணக்காக நீளும். விடியலில் எழுந்து நீறு பூசி, மாணாக்கரைத் திருத்தி, மடத்து நெல்லுக்கும் நெய்க்கும் கணக்குப் பார்த்து, அந்த நாள்தோறும் தான் அன்று இல்லாமற் போனதைச் சுமக்க வேண்டும். கங்கையில் நீராடிய பின்னும் அது கரைந்துவிடவில்லை என்பதற்குச் சான்று அந்தக் கல்வெட்டேதான். கரைந்திருந்தால், போர் முடிந்து பத்தாண்டு கழித்து அதை எழுத வேண்டிய தேவை என்ன?

கங்கையிலிருந்து மீண்டவர் ஏன் ஒற்றியூரைத் தேர்ந்தார்? நிரஞ்சன குரு என்ற பெயர் ஒற்றியூரில் வேரூன்றியிருந்தது. பல்லவர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் கம்பவர்மன் நாளில் நிரஞ்சன குரவர் என்பார் அவ்வூரில் நிரஞ்சனேசுவரம் என்ற கோயில் எடுத்த செய்தி கல்லில் உண்டு. குருவின் புகழ் ஒரு காரணம் எனலாம். ஆயினும் கவிஞர் உள்ளம் இன்னொன்றையும் எண்ணாமல் இராது. வல்லபன் இளவரசனோடு ஆண்டுகள் பல கழித்த திருநாவலூர், சுந்தரர் பிறந்த ஊர். திருவொற்றியூர், சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்து, உன்னைப் பிரியேன் என்று மகிழின் கீழ்ச் சூளுரைத்து, பின் அந்தச் சூள் பிழைத்து ஊரெல்லையைக் கடந்ததும் கண்ணொளி இழந்த ஊர். நிற்பேன் என்று சொன்ன இடத்தில் நில்லாமற் போனவரின் ஊர் அது. இன்னும் ஒன்று. சுந்தரரின் உயிர்த்தோழர் சேரமான் பெருமாள், மலைநாட்டு வேந்தர். தோழர் வெள்ளையானை மீதேறிக் கயிலை செல்வதை உணர்ந்த கணமே குதிரையைச் செலுத்திப் பின்தொடர்ந்து, அவருக்கு முன்னாக வானில் சென்றவர். யானை மேல் சென்ற நண்பனைத் தனியே போகவிடாத சேரநாட்டாரின் கதை, யானை மேல் துஞ்சிய நண்பனைத் தனியே போகவிட்ட சேரநாட்டாரின் காதில் எப்படி ஒலித்திருக்கும்? சேக்கிழார் பெரியபுராணத்தைப் பாட இன்னும் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் இருந்தது. எனினும் சுந்தரர் வரலாறு அவர்க்கு முன்பே நாடறிந்தது. ஒற்றியூர் மடத்தில் வாழ்ந்த ஒருவர் அதைக் கேளாமல் இருந்திருக்க முடியாது.

அந்த மடத்தின் நெறி காளாமுகம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இலகுலீசரை முதற்குருவாகக் கொண்ட பாசுபத மரபின் கிளை அது. ஒற்றியூர்க் கோயிலில் கௌலீசர் சன்னிதி உண்டு. காளாமுகர் என்றதும் மண்டையோடும் சுடலைச் சாம்பலும் கூறி அச்சுறுத்துவது பிற்காலத்து எதிர்ச் சமயத்தாரின் வழக்கம். கல்வெட்டுகள் காட்டும் காளாமுகர் வேறு. கொடும்பாளூரில் பூதி விக்கிரமகேசரி, மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுக ஆசிரியரிடம் பெரிய மடம் ஒன்றை ஒப்படைத்து, ஐம்பது துறவியர் உண்பதற்குப் பதினொரு ஊர்களை விட்டான். துறவியர் சேர்ந்து வாழ்வது, ஒரு தலைவருக்குக் கீழ்ப்படிவது, கற்பது, கற்பிப்பது, வருவோர்க்கு உணவிடுவது ஆகியவையே அந்த மடங்களின் அன்றாடம்.

கூடி வாழும் துறவு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. எகிப்து நாட்டில் நான்காம் நூற்றாண்டில் கிறித்தவத் துறவியர் பாலைநிலத்தில் ஊர்களாகவே வாழ்ந்தனர். அவர்களுள் கூட்டுமட வாழ்வுக்கு ஒழுங்கு வகுத்த பக்கோமியு என்பாரும் படையிலிருந்து வந்தவரே. உரோமப் படைக்கு வலிந்து சேர்க்கப்பட்டுக் காவலில் கிடந்த இளைஞருக்கு, முன்பின் அறியாத கிறித்தவர்கள் உணவு கொண்டுவந்து தந்தனர். அந்த அன்பே அவரைத் திருப்பியது. விடுதலை பெற்றபின் நைல் ஆற்றங்கரையில் தபென்னீசி என்னும் ஊரில் மடம் அமைத்தார். அவர் வரலாற்றைக் காப்டிக் மொழியிலும் கிரேக்கத்திலும் சீடர் மரபினர் எழுதி வைத்தனர். கெல்லியா என்ற இடத்தில் பிரெஞ்சு, சுவிட்சர்லாந்து அறிஞர்கள் 1960-களிலிருந்து தோண்டியபோது, மணலுக்கடியில் நூற்றுக்கணக்கான துறவியர் இல்லங்கள், வழிபாட்டறையும் சமையலறையும் கிணறுமாக, வெளிப்பட்டன. அங்கே நூலும் இருக்கிறது, இடமும் இருக்கிறது. ஒன்றை ஒன்று சரிபார்க்கலாம். ஒற்றியூரில் மடம் நின்ற மண்ணின் மேல் தெருவும் வீடும் வந்துவிட்டன. கோயிலுக்குள் இருக்கும் கல் மட்டுமே மீதம். சதுரானனரையும் பக்கோமியுவையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு துலங்கும். பக்கோமியு விரும்பாத போரிலிருந்து விடுபட்டுத் துறவியானார். வல்லபன் விரும்பிய போரைத் தவறவிட்டுத் துறவியானார். முன்னவர்க்குத் துறவு விடுதலை. பின்னவர்க்கு அது தலைவனுக்குச் செய்யாமல் விட்ட பணியின் எஞ்சிய பகுதி.

தக்கோலத்துக்குப் பின் தொண்டை மண்டலம் சோழர் கையில் இல்லை. மூன்றாம் கிருஷ்ணன், கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன் என்ற பட்டத்தோடு இந்நாட்டுக் கல்வெட்டுகளில் நிற்கிறான். 959-இல் அவன் இன்றைய வேலூர்ப் பகுதியில் உள்ள மேற்பாடியில் பாசறை அமைத்து, வென்ற நாடுகளைத் தன்னைச் சார்ந்தோர்க்குப் பங்கிட்டுக் கொண்டிருந்தான். சோமதேவ சூரி தம் யசஸ்திலகம் என்னும் சம்பு காவியத்தை முடித்ததும் அதே ஆண்டில். மேற்பாடியில் வேந்தன் இருந்ததை அவர் நூலிறுதியில் குறித்திருக்கிறார். கராடு செப்பேட்டின் வழி ககனசிவர் என்ற சைவத் துறவிக்குக் கிருஷ்ணன் ஊர் ஒன்று வழங்கியதும் அந்தப் பாசறையிலிருந்தே. கொன்றவனும் சைவத் துறவியரைப் போற்றியவன் என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

அந்த ஆண்டில்தான் சதுரானன பண்டிதர் ஒற்றியூர்க் கோயிலுக்குத் தம் கொடையை அளித்தார். நூறு நிஷ்கப் பொன். நரசிங்கமங்கலத்துச் சபையார் அதை முதலாக ஏற்று, அதன் வட்டியிலிருந்து பண்டிதரின் பிறந்தநாளாகிய அவிட்டத்தன்று இறைவனுக்குச் சிறப்பு வழிபாடு நடத்தக் கடமைப்பட்டனர். அன்றைய வழக்கப்படி கல்லின் காலத்தைக் குறிக்க ஆளும் வேந்தனின் ஆண்டை இட வேண்டும். ஆளும் வேந்தன் கன்னரதேவன். தம் நண்பனைக் கொன்ற படையின் தலைவன் பெயரால் ஆண்டு குறித்து, அதே கல்லில் அந்த நண்பனின் பெயரையும் அவனுக்காகத் தாம் துறந்ததையும் பொறித்தார். இதை அச்சமின்மை என்பதா, எல்லாம் கடந்த நிலை என்பதா? வென்றவரின் அலுவலர் யாரும் அந்தக் கல்லை உடைக்கவில்லை. மடத்தலைவரின் பழங்கதை அவர்களுக்குப் பொருட்டாகத் தோன்றவில்லை போலும். அல்லது அதைப் படித்து, மாற்றானின் நட்பையும் மதித்திருக்கலாம். பகையின் நடுவிலும் வீரத்துக்குக் கல் நடும் நாடுதானே கருநாடகம்.

வழிபாட்டுக்கு அவர் வைத்த நாளும் எண்ணத்தக்கது. இராஜாதித்தன் மடிந்த நாளை அவர் வைக்கவில்லை. தாம் பிறந்த நாளையே வைத்தார். கொடையாளிகள் தம் பிறந்த விண்மீனில் பூசை வைப்பது பொது வழக்கம்தான். ஆயினும், இறந்திருக்க வேண்டிய நாளில் இறவாமற் போனவர் தம் பிறந்தநாளை இறைவனுக்கு ஒப்படைக்கும்போது, அந்தப் பொது வழக்கத்துக்குள் ஒரு தனிப்பொருள் வந்து சேர்கிறது.

இராட்டிரகூடப் பேரரசு 973-இல் வீழ்ந்தது. சோழர் மீண்டனர். சதுரானனர் என்ற பெயரோ ஒருவரோடு முடியவில்லை. ஒற்றியூர் மடத்தின் தலைவர்கள் வழிவழியாக அதை ஏற்றனர். முதலாம் இராஜேந்திரன் காலத்தில் அம்மடத்தின் சதுரானன பண்டிதர் ஒருவர், வேந்தன் ஆணைப்படி, கோயில் விமானத்தைக் கருங்கல்லால் எடுக்கச் செய்தார். கட்டிய தச்சன் பெயர் இரவி என்ற வீரசோழத் தச்சன். யானையின் பின்புறம் போல் வளைந்த, தூங்கானை வடிவம் கொண்ட அந்த விமானம் இன்றும் இருக்கிறது. அதைக் கட்டுவித்த இராஜேந்திரன், இராஜாதித்தனின் தம்பி அரிஞ்சயனுக்குக் கொள்ளுப்பேரன். மேகலாபுரத்துப் பிரபாகர பட்டரின் மனைவி ஆரியம்மை அவ்வூரில் இராஜேந்திர சோழன் என்ற பெயரால் ஒரு மடமும் நிறுவினாள். இரண்டாம் இராஜாதிராஜன் பங்குனி விழாவுக்கு ஒற்றியூர் வந்து, ஆளுடைய நம்பியின், அதாவது சுந்தரரின், புராணம் கேட்டபோது அருகே அமர்ந்திருந்தவருள் ஒரு சதுரானன பண்டிதரும் இருந்தார். அது பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. வல்லபன் ஒற்றியூருக்கு வந்து இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. சூள் பிழைத்த தோழரின் கதையை, சூள் நிறைவேற்ற இயலாத தோழரின் பெயரைத் தாங்கியவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்று துறைமுகத்துக்குச் செல்லும் சரக்குப் பெட்டக லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் வரிசையாக நிற்கின்றன. 2021 முதல் மெட்ரோ இரயிலும் ஒற்றியூருக்கு வந்துவிட்டது. கோயிலுக்குள் அவ்வளவு இரைச்சல் இல்லை. ஒற்றியூரின் பழங்கல்வெட்டுகள் பல, கருவறையைச் சுற்றிய திருச்சுற்றின் தளத்தில் பாவிய பலகைக்கற்களாகக் கிடந்தவை. பழைய கட்டடத்தைப் பிரித்துக் கருங்கல் விமானம் எழுப்பியபோது அவை அவ்வாறு தளத்துக்குப் போயிருக்க வேண்டும். வலம் வந்த அடியார்களின் கால்கள் நூற்றாண்டுக் கணக்கில் அந்தக் கற்களின் மேல் நடந்திருக்கின்றன.